கேளுங்கள்: மருந்தடித்த பிறகு கொசு ஏன் கூடுகிறது?

கொசு, அதைத் தின்னும் உயிர்கள், பூச்சிமருந்து, மாறிவரும் வெயிலும் மழையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நம் பூச்சியியல் குழு பதில் தருகிறது.

சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்காக லாம்டா சைஹலோத்ரின் அடித்தோம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சாயங்காலம் திண்ணையில் உட்கார முடியாத அளவுக்குக் கொசு. பூச்சிமருந்து கொசுவையும் கொன்றிருக்க வேண்டாமா?
— நெல் விவசாயி, சீர்காழி

கொன்றது. அடித்த அன்று உங்கள் வயல் தண்ணீரிலிருந்த கொசுப்புழுவில் பெரும்பகுதி செத்திருக்கும். அதோடு தட்டானின் இளம்பூச்சி, மல்லாந்து நீந்தும் பூச்சி, நீர்வண்டு, முட்டையை முதுகில் சுமந்து திரியும் நீர்மூட்டை என்று கொசுப்புழுவைத் தின்றுகொண்டிருந்த கூட்டமும் செத்தது. நீங்கள் அடித்தது பைரித்ராய்டு வகை மருந்து. இந்த வகை மிகக் குறைந்த அளவு கலந்தாலே மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் கடும் விஷம்.

அடுத்து யார் முதலில் திரும்பி வருகிறார்கள் என்பதுதான் விஷயம். வயலில் பெருகும் கியூலெக்ஸ் கொசு ஒரே தடவையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைச் சிறு தெப்பம்போல் ஒட்டித் தண்ணீரில் மிதக்க விடும். நம் ஊர்ச் சூட்டில் முட்டை பறக்கும் கொசுவாகப் பத்து நாள் போதும். தட்டானுக்கு மிக வேகமாக வளரும் இனத்திலேயே ஒன்றரை மாதம் ஆகும். பல இனங்களுக்கு அதைவிடக் கூடுதல். ஆகவே மருந்தின் வீரியம் குறைந்ததும் காவலாளே இல்லாத வயலில் ஒரு முழுத் தலைமுறைக் கொசு சேதமில்லாமல் வெளியே வந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு: சில கொசு இனங்கள் முட்டையிடும் முன் தண்ணீரில் எதிரியின் வாடை இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் வேறிடம் தேடிப் போகும். எதிரியற்ற வயல் அவற்றை அழைப்பு வைத்துக் கூப்பிடுகிறது. நீங்கள் சொல்லும் பத்துப் பன்னிரண்டு நாள் கணக்குக்குக் காரணம், எதிரியில்லாமல் வளர்ந்து வெளிவந்த அந்தத் தலைமுறைதான்.

யூரியாவையும் கணக்கில் சேருங்கள். மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் தென்னிந்திய நெல் வயல்களில் செய்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், யூரியா இட்ட வயலில் கொசுப்புழு கூடியது தெளிவாகவே தெரிந்தது. உரம் கரைந்த தண்ணீரில் பாசியும் நுண்ணுயிரும் பெருகும். அதுதான் புழுவின் தீனி. மேலுரத்தை ஒரே தடவையில் கொட்டாமல், பயிரின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பிடித்துப் பார்த்துத் தேவைக்குப் பிரித்துப் போட்டால் இலைச்சுருட்டுப் புழுவும் குறையும், கொசுவும் குறையும். தழைச்சத்து மிகுந்து கரும்பச்சையாக நிற்கும் பயிரைத்தான் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும்.

இனி என்ன செய்யலாம்? முதலில், சேத அளவு தாண்டாமல் தெளிக்காதீர்கள். இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பயிர் வளரும் பருவத்தில் 10 சதவீத இலைச்சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் (கதிரையொட்டிய கடைசி இலை) 5 சதவீதச் சேதம் என்பதே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் எல்லை. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கான எல்லை இன்னும் சுவாரசியமானது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 பூச்சி, குத்துக்கு 1 சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு 2 பூச்சி. அதாவது எதிரிகளை எண்ணிய பிறகே மருந்தை முடிவு செய்யச் சொல்கிறார்கள். நடைமுறையில் எண்ணுகிறவர் குறைவு.

தண்ணீரையும் இப்படி எண்ணலாம். வெள்ளைப் பீங்கான் குவளை ஒன்றை எடுத்துக்கொண்டு வரப்போரமாகப் பத்து இடத்தில் முகந்து பாருங்கள். கொசுப்புழு இருந்தாலும் பாதிக் குவளைகளில் தட்டான் இளம்பூச்சியோ மல்லாந்து நீந்தும் பூச்சியோ தட்டுப்பட்டால், கொசுவுக்கென்று அங்கே எதையும் ஊற்றத் தேவையில்லை. புழு மட்டும் மண்டிக் கிடந்து வேறெதுவுமே இல்லையென்றால், அந்த வயல் அண்மையில் மருந்து குடித்த வயல்.

இரண்டாவது, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுதல். ஓட்டை போட்ட குழாய்த் துண்டை மண்ணில் இறக்கி வைத்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் விடுவது இதன் வழி. கொசுப்புழு கூட்டுப்புழுவாகும் முன் வயல் வற்றிவிட வேண்டும் என்பதால், வாரத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு மூன்று நாள் மேலே தண்ணீர் நிற்காமல் இருக்க வேண்டும். பூக்கும் சமயத்தில் இதைச் செய்யக் கூடாது, மகசூல் அடிபடும். சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலைக் காயவிடுவது நடக்காத காரியம். குறுவையிலும் நவரையிலும்தான் இது கைகொடுக்கும்.

இதில் ஒரு வில்லங்கம்: வயல் காயும்போது கொசுப்புழுவோடு தட்டானும் மீன்குஞ்சும் சாகும். அதனால் வயலின் தாழ்ந்த மூலையில் 1 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழத்தில் மூன்று நான்கு மீட்டர் நீளக் குழி ஒன்று விட்டுவையுங்கள். தண்ணீர் இறங்கும்போது அவை அங்கே ஒதுங்கும். பாய்ச்சும்போது வயலுக்குப் பரவும். மருந்து தெளித்தே ஆக வேண்டுமென்றால், முன்னதாக நல்ல நீரை வடித்துவிட்டுத் தெளியுங்கள். தெளித்தபின் ஒரு வாரமாவது மடையைத் திறந்து வாய்க்காலில் விடாதீர்கள். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் குட்டையில் அடுத்த கொசுப் பட்டாளம் தயாராகும்.

வயல் கொசு பெரும்பாலும் மாட்டைத்தான் கடிக்கும். ஆனாலும் கடலூர், விழுப்புரம் பக்கம் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பியது இந்த இனக் கூட்டம்தான். குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொசு மருந்துக்குப் பழகிக்கொள்கிறது என்கிறார்கள். தட்டான் மட்டும் ஏன் பழகுவதில்லை?
— விலங்கியல் மாணவி, திருச்சி

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இதை நேரடியாகச் சோதித்த ஒரு ஆய்வு 2019-ல் வெளியானது. இடம் கோஸ்டாரிகா. அங்கே காட்டு மரங்களிலும் ஆரஞ்சுத் தோட்டங்களிலும் அன்னாசிக் குடும்பத்துத் தொற்றுச்செடிகள் வளரும். அவற்றின் இலைக் கக்கத்தில் மழைநீர் தேங்கும். அந்தக் கையளவு தண்ணீரில் வியோமியா என்ற கொசுவின் புழுவும், அதைத் தின்னும் ஊசித்தட்டான் இளம்பூச்சியும் வாழும். தோட்டத்தில் டைமெத்தோயேட் என்ற பூச்சிமருந்து தெளிப்பார்கள். தெளிக்கும் தோட்டத்துக் கொசுப்புழு, காட்டுக் கொசுப்புழுவைவிடப் பல மடங்கு மருந்தைத் தாங்கியது. ஊசித்தட்டானுக்கு அந்தத் தாங்குதிறன் வரவில்லை. முடிவு, மருந்து தெளிக்கும் தோட்டத்துச் செடிகளில் காட்டைவிடக் கொசு அதிகம்.

காரணம் கணக்கில் இருக்கிறது. கொசுவுக்கு வருடத்தில் பல தலைமுறை. தட்டானுக்கு ஒன்றோ சிலவோ. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு தேர்வு என்றால், கொசு ஒரே வருடத்தில் பலமுறை எழுதிவிடுகிறது. கொசு எண்ணிக்கையில் ஏராளம் என்பதால், தற்செயலாக மருந்தைத் தாங்கும் மரபணு கொண்ட ஒன்றிரண்டு கூட்டத்தில் இருக்க வாய்ப்பும் அதிகம். வேட்டையாடும் பூச்சி எங்கும் குறைந்த எண்ணிக்கையிலேயே இருக்கும். அதற்கு மருந்து இரண்டு வழியில் ஏறுகிறது: தண்ணீரிலிருந்து ஒன்று, மருந்துண்ட புழுக்களைத் தின்பதால் மற்றொன்று. மருந்து எல்லாவற்றையும் கொன்ற பிறகும் கொசு பக்கத்து வாளியிலிருந்து வந்துவிடும். தட்டான் வர, பக்கத்தில் மருந்து படாத நல்ல குளம் ஒன்று வேண்டும்.

கொசுவிடம் என்ன மாறுகிறது என்றும் கேட்பீர்கள். முக்கியமாக இரண்டு. பைரித்ராய்டும் டி.டி.டி.யும் நரம்பின் சோடியம் வாயிலைத் திறந்தபடி பிடித்து வைப்பவை. அந்த வாயிலின் புரதத்தில் ஒரு அமினோ அமிலம் மாறினால் மருந்துக்குப் பிடி கிடைக்காது. அடுத்தது, மருந்தை உடைத்துத் தள்ளும் நொதிகள் கூடுதலாகச் சுரப்பது. டி.டி.டி.யும் பைரித்ராய்டும் தாக்கும் இடம் ஒன்றே என்பதால், ஒன்றுக்குப் பழகிய கொசு மற்றொன்றையும் தாங்க வாய்ப்புண்டு. இந்தியாவில் 1953-ல் தொடங்கிய மலேரியாத் திட்டம் டி.டி.டி.யின் பலத்தில் நோயாளிகளை 1965 வாக்கில் ஒரு லட்சமாகக் குறைத்தது. 1976-ல் அது 64 லட்சம் ஆனது. நிர்வாகத் தளர்ச்சி, நிதிக் குறைவு எல்லாம் அதில் உண்டு. கொசு மருந்துக்கு அசராமல் போனதும் உண்டு.

வெயில் 40 டிகிரி தாண்டுகிறது. இந்தச் சூட்டில் கொசு செத்துத் தொலையாதா?
— வாசகர், வேலூர்

வானிலை அறிக்கையின் 40 டிகிரி திறந்தவெளிக்கானது. உங்கள் வீட்டுக் குளியலறை மூலையிலோ, கட்டிலுக்கடியிலோ, தாழ்வாரத்து டிரம்மிலோ அது 30, 32 டிகிரிதான். கொசு இருப்பது அங்கே.

டெங்கு பரப்பும் ஏடிஸ் எகிப்தி நோயைப் பரப்ப மிகத் தோதான சூடு ஏறக்குறைய 29 டிகிரி. 34-ஐத் தாண்டினால் பரப்பும் திறன் வெகுவாக விழும். மலேரியாவுக்கு உச்சம் 25 டிகிரி அளவில். ஆகவே வெயில் ஏற ஏறக் கொசு ஏறும் என்று நேர்கோடு போட முடியாது. கோடை உச்சத்தில் வேலூரில் டெங்கு குறைவதும், புரட்டாசிக்குப் பிறகு கூடுவதும் இதோடு பொருந்தும். மாறாக, முன்பு குளிராக இருந்த இடங்கள் இப்போது தோதான சூட்டுக்குள் வருகின்றன. 2004 வரை டெங்கு அறியாத நேபாளத்தில் 2022-ல் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 1,400 மீட்டர் உயரத்து காட்மாண்டுவும் தப்பவில்லை.

சூட்டின் உண்மையான விளைவு வைரஸின் வேகத்தில் இருக்கிறது. நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் வைரஸ் பெருகி எச்சில் சுரப்பிக்கு வந்து சேரச் சில நாள் ஆகும். 1987-ல் வெளியான ஒரு ஆய்வில் 30 டிகிரியில் அதற்கு 12 நாளும், 32 டிகிரியில் 7 நாளும் ஆனது. ஒரு நாளைக்கு நூற்றுக்குப் பத்துக் கொசு சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 நாள் தாண்டி உயிரோடிருப்பவை 28. 7 நாள் தாண்டுபவை 48. இரண்டே டிகிரியில் நோய் பரப்பக் கூடிய கொசு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

வறட்சியும் நமக்கு உதவாது. ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். குழாயில் தண்ணீர் வராத ஊரில் வீட்டுக்கு நாலு டிரம் கூடும். தண்ணீர் ஊற்றியதும் முட்டை பொரியும். டிரம்மைக் காலி செய்தால் மட்டும் போதாது. உள்சுவரைத் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ அழுத்தித் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரைத் தரையில் கொட்ட வேண்டும். வாரம் ஒருமுறை, கிழமை வைத்துச் செய்யுங்கள்.

சூடு ஏறினால் கொசுவின் எதிரிகளுக்கும் பசி ஏறும்தானே? அப்படியானால் சமமாகிவிடாதா?
— பள்ளி ஆசிரியர், தர்மபுரி

பசி ஏறும், உண்மை. இளஞ்சூட்டில் தட்டான் இளம்பூச்சி கூடுதலாகத் தின்கிறது. ஆனால் சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. தட்டான் இளம்பூச்சிக்குக் குடலின் பின்பகுதியில் செவுள் இருக்கிறது; தண்ணீரை உறிஞ்சி வெளியே பீய்ச்சி மூச்சு விடுகிறது. கொசுப்புழுவோ வால் குழாயை மேலே நீட்டி நேரடியாகக் காற்றை எடுக்கிறது. தண்ணீர் கெட்டுப்போனாலும் சூடேறினாலும் முதலில் திணறுவது தட்டான்.

மழையின் போக்கு மாறுவது இதைவிடப் பெரிய அடி. எப்போதாவது வற்றும் குட்டையில் எதிரிகள் நிரந்தரமாகத் தங்கியிருக்கும். ஒரு வறட்சி அதை முழுக்க வற்றவைத்தால், அடுத்த மழையில் எதிரிகள் வந்து சேருவதற்குள் கொசு பெருகிவிடும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2003-ல் இதைக் காட்டினார்கள். வருடா வருடம் வற்றும் குட்டையிலோ அப்படிப்பட்ட பெருக்கம் இல்லை. அங்கே வாழ்பவை வற்றலுக்குப் பழகியவை. வழக்கமாக வற்றாத ஏரி முதன்முறை வற்றிய வருடத்துக்கு அடுத்த பருவத்தில்தான் கவனம் வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் வாராவாரம் புகைமருந்து அடிக்கிறார்கள். கொசு குறைந்தபாடில்லை.
— வாசகி, வேளச்சேரி, சென்னை

பறக்கும் கொசுவைப் புகை தொட்டால்தான் சாகும். தொட்டியிலும் சாக்கடையிலும் இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது. பட்டப்பகலில் அடித்தால் சூடான தரை புகையை மேலே தள்ளிவிடும். அதிகாலையிலோ பொழுது சாயும்போதோ, காற்று அடங்கிய நேரத்தில் அடித்தால் தரையோடு படியும். ஏடிஸ் வீட்டுக்குள் துணிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். நீங்கள் புகைக்குப் பயந்து சன்னலை மூடிவைப்பதால் அது பத்திரமாக இருக்கிறது. தோட்டத்தில் வலை பின்னிய சிலந்திக்கும் பறக்கும் தட்டானுக்கும்தான் புகை போய்ச் சேர்கிறது. நோய் பரவும்போது நோயாளி வீட்டைச் சுற்றி அடிப்பதில் பலன் உண்டு. வாராந்திரச் சடங்காக அடிப்பது கொசுவைப் பழக்குவதற்கே உதவும்.

முதலில் எந்தக் கொசு என்று பாருங்கள். இரவில் காதருகே ரீங்காரமிட்டுக் கடித்தால் கியூலெக்ஸ். அது செப்டிக் டேங்கிலும் மழைநீர் வடிகாலிலும் பிறப்பது. பகலில் கணுக்காலைக் கடித்தால், காலில் வெள்ளை வளையம் தெரிந்தால் ஏடிஸ். வேளச்சேரியில் பெரும்பாலும் முதலாவதாகத்தான் இருக்கும். செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் 1.2 மி.மீ.க்கு மேல் கண் இல்லாத நைலான் வலையைக் கட்டுங்கள். கம்பி வலை வேண்டாம், அந்த வாயுவில் துருப்பிடித்துவிடும். மேல்மூடிகளின் இடுக்கைச் சிமென்ட் பூசியோ, மணல் மூட்டை போட்டோ அடையுங்கள். சங்கச் செயலாளர் புகைக்குச் செலவழிக்கும் இரண்டு மாதப் பணத்தில் இந்த வேலை முடிந்துவிடும்.

பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து கொசுவின் எதிரிகளைக் கொல்லாதாமே? எப்படி, எவ்வளவு போடுவது?
— ஊராட்சி உறுப்பினர், கோவை மாவட்டம்

1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டெடுத்த பாக்டீரியா இது. புதுச்சேரியில் உள்ள நோய்பரப்பி ஆய்வு மையம் நம் நாட்டு ரகம் ஒன்றையும் தேர்ந்தெடுத்திருக்கிறது. இதன் புரதப் படிகம் கொசுப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் கரைந்து விஷமாகும். தட்டான், மீன், தவளை, மாடு, மனிதர் யாருக்கும் பாதிப்பில்லை. கொசுவுக்கு உறவான சில சிற்றீக்களின் புழு மட்டும் அளவு கூடினால் சாகலாம்.

நனையும் தூள் வகைக்கு நம் தேசியத் திட்டத்தின் கணக்கு 200 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ. சதுர மீட்டருக்கு 20 மி.லி. கரைசல், அதாவது அரை கிராம் தூள். 100 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலச் சாக்கடை என்றால் 50 சதுர மீட்டர். 25 கிராம் தூளை 1 லிட்டரில் கரைத்தால் போதும். திரவ வகைக்கு அளவு வேறு, டப்பாவில் உள்ளபடி செய்யுங்கள். முதலில் சிறிது தண்ணீரில் கூழாகக் குழைத்து, துணியில் வடிகட்டிய பிறகே தெளிப்பானில் ஊற்றுங்கள்; இல்லாவிட்டால் முனை அடைத்துக்கொள்ளும்.

பலிக்காமல் போவதற்கு நான்கு காரணங்களைப் பார்க்கிறோம். புழு தின்றால்தான் சாகும். காற்புள்ளிபோல் வளைந்த கூட்டுப்புழு தின்னாது, எனவே சாகாது. மலமும் மண்டியும் நிறைந்த நீரில் மருந்து அடியில் படிந்துவிடும். வெயிலில் ஓரிரு நாளில் வலு குறையும். கோடையில் கொட்டகைக்கு வெளியே வைத்திருந்த பழைய டப்பாவாக இருக்கும். ஆகவே சாக்கடையின் அடைப்பையும் குப்பையையும் முதலில் வாரிவிட்டு, மாலையில் தெளித்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ குவளையில் முகந்து பாருங்கள். வாரத்துக்கு ஒன்று, அதிகம்போனால் இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஓடும் தண்ணீரில் போடுவது காசைக் கரைப்பது.

சாக்கடையில் கழிவு எண்ணெய் ஊற்றும் வழக்கம் பல ஊராட்சிகளில் உண்டு. அது கொசுப்புழுவை மூச்சடைத்துக் கொல்லும். மேலே வந்து காற்றெடுக்கும் நீர்வண்டையும் மல்லாந்து நீந்தும் பூச்சியையும் அதேபோல் கொல்லும். மூடிய சாக்கடையில் அவை இருக்காது என்பதால் நட்டமில்லை. குட்டையில், குளத்தில் வேண்டவே வேண்டாம்.

கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் தருகிறார்கள். வீட்டுக் கிணற்றில் விட்டபின் மிச்சத்தை ஊர்க் கண்மாயில் விடலாமா?
— வாசகர், மேலூர்

கண்மாயில் வேண்டாம். 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த அயல் மீன் இது. கொசுப்புழுவோடு நிற்காமல் நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தலைப்பிரட்டையையும் தின்னும். மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும். உலகின் மோசமான 100 அயல் உயிரினங்கள் பட்டியலில் அதற்கு இடமுண்டு. கண்மாயில் ஏற்கெனவே கெண்டையும், நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்ன மேல்மட்டத்திலேயே நீந்தும் சிறு மீனும் இருக்கும். அவை இருக்கும் இடத்தில் கொசுப்புழு தாக்குப்பிடிக்காது. கரையோரம் ஆகாயத்தாமரை அடர்ந்தால்தான் மீன் நுழைய முடியாமல் கொசு பெருகும், அதை அகற்றுங்கள்.

கிணறு, சிமென்ட் தொட்டி போன்ற மூடிய இடத்துக்குக் கப்பி மீனே எங்கள் பரிந்துரை. ஒரு மீட்டர் நீளத்துக்கு 5 முதல் 10 மீன் என்பது கணக்கு. சாதாரண வீட்டுக் கிணற்றுக்கு 20, 30 போதும். குட்டி போடும் இனம், தானே பெருகும். பையோடு கால் மணி நேரம் கிணற்று நீரில் மிதக்கவிட்டு, சூடு ஒன்றான பிறகு திறந்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட மறுநாளே விட்டால் செத்து மிதக்கும். மீனுக்குப் பொரியும் சோறும் போட்டுப் பழக்கினால் அது புழுவைத் தேடாது. தொட்டி நிரம்பி வழிந்து வாய்க்காலில் சேரும் இடமென்றால் கப்பியும் வேண்டாம். வலைமூடி போட்டால் போதும்.

இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று அறிவித்த பிறகும் கிணறுகளைச் சோதித்து மீன் விடுகிறார்கள். எதற்கு?
— வாசகர், மன்னார்

2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்று சான்று தந்தது. அந்த வருடக் கடைசியிலேயே உங்கள் மன்னாரில் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு முதன்முறையாக அகப்பட்டது. சென்னையின் நகர மலேரியாவுக்குக் காரணமான அதே இனம். இலங்கையின் பழைய மலேரியாக் கொசு ஆற்றுக் குழிகளில் பிறப்பது. இது கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் பிறப்பது. நோயோடு ஒரு பயணி வந்து இறங்கினால் போதும், பரப்புவதற்குக் கொசு தயார். கிணற்றில் தட்டானோ நீர்வண்டோ பெரும்பாலும் இராது. எனவே மீன்தான் தோதான எதிரி. கிணற்றுக்கு வலை போட்டு, மீனையும் காப்பாற்றுங்கள்.

தவளை குறைந்ததால்தான் கொசு கூடியது என்கிறார்களே?
— வாசகர், பொள்ளாச்சி

பாதி உண்மை. வளர்ந்த தவளையின் தீனியில் கொசுவுக்குச் சிறு பங்குதான். தலைப்பிரட்டை பெரும்பாலும் பாசி மேய்வது. கொசுப்புழுவின் சாப்பாட்டில் பங்கு கேட்பதன்மூலம் அதைக் குறைக்கிறது. ஆனால் கோஸ்டாரிகாவிலும் பனாமாவிலும் பூஞ்சை நோயால் தவளைகள் அழிந்த பகுதிகளில் அடுத்து வந்த வருடங்களில் மலேரியா கூடியதை 2022-ல் வெளியான ஆய்வு புள்ளிவிவரமாகக் காட்டியது. தவளையை வாங்கி விடுவதால் பயனில்லை. அது முட்டையிடும் குட்டையில் களைக்கொல்லி கலக்காமல் பார்த்துக்கொள்வது கைவசமுள்ள வேலை.

தட்டானை வரவழைக்கும் செடி என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நடலாமா?
— வாசகி, நாகர்கோவில்

தட்டான் செடியைத் தேடி வருவதில்லை, தண்ணீரைத் தேடி வரும். இடமிருந்தால் மருந்து படாத சிறு குளம் அமையுங்கள்: நடுவில் 60 செ.மீ. ஆழம், ஒரு பக்கம் சரிவு, நாலைந்து மணிநேர வெயில், நீரிலிருந்து மேலே நீட்டி நிற்கும் கோரையோ குச்சிகளோ. இளம்பூச்சி அதன் மேல் ஏறித்தான் தோலுரித்துப் பறக்கும். முதல் மாதத்தில் எதிரிகள் வந்து சேரும் முன் கொசு பெருகும் என்பதால், தொடக்கத்திலேயே உள்ளூர்ச் சிறு மீன் நாலைந்தை விடுங்கள். பெரிய மீன் வேண்டாம். தட்டான் குஞ்சையே தின்றுவிடும்.

மியான்மரின் யாங்கோனில் வீட்டுத் தண்ணீர்ப் பாத்திரங்களில் பாத்திரத்துக்கு நான்கு தட்டான் இளம்பூச்சி என்று மாதாமாதம் விட்டு ஏடிஸைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். 1990-ல் அந்த முடிவு வெளியானது. வளர்த்துக் கொடுக்க ஆளும், பாத்திரத்தில் பூச்சி கிடப்பதைப் பொறுத்துக்கொள்ளும் மனசும் இருந்தால் நடக்கும். நம் வீடுகளில் மூடிதான் எளிது.

நீல விளக்குக் கொசுப்பொறி வாங்கலாமா?
— வாசகர், ஈரோடு

தோட்டத்தில் மாட்டவென்றால் வேண்டாம். கொசு தேடி வருவது உங்கள் மூச்சுக்காற்றையும் வியர்வையையும். நீல விளக்கு அதற்கு அவ்வளவு பெரிய கவர்ச்சி அல்ல. அமெரிக்காவின் டெலவேரில் இப்படிப்பட்ட பொறிகளில் செத்த 13,789 பூச்சிகளை எண்ணிப் பார்த்து 1996-ல் வெளியிட்டார்கள். கடிக்கும் பூச்சி 31. மற்றப் பூச்சிகளை வேட்டையாடும், ஒட்டுண்ணியாக அழிக்கும் நன்மைப் பூச்சிகள் 1,868.